'வாஸ்' எப்படி 'வேர்' ஆனது?

கேள்வி: ஆங்கிலத்தில் 'இருந்தான்' என்பதற்கு 'வாஸ்', 'இருந்தார்கள்' என்பதற்கு 'வேர்' என்று வருவது ஏன்? இரண்டுக்கும் மூலமாகக் காட்டப்படும் தொல் ஜெர்மானிய (ஆங்கிலம், ஜெர்மன் முதலியவற்றின் மூதாதை மொழி) வினை எந்த ஏட்டிலும் இல்லையாமே, அதை எப்படி நம்புவது?

பதில்: உங்கள் இரண்டாம் கேள்விக்கான விடை முதல் கேள்விக்குள்ளேயே இருக்கிறது: 'வாஸ்', 'வேர்' இடையே ஸகரமும் ரகரமும் மாறிவருவதே அந்த மூலவினைக்குச் சான்று. ஏட்டில் கிடைக்காத சொல் என்பதால் உடுக்குறியிட்டு '*வெஸன' என எழுதப்படும் அவ்வினை (இறுதி அகரம் மூக்கொலி பெறும்), சமஸ்கிருதத்துக்கும் ஜெர்மானிய மொழிகளுக்கும் பொது மூதாதையான இந்தோ-ஐரோப்பிய மூலமொழியில் 'தங்கு, உறை' என்று பொருள்படும் வேரில் பிறந்தது. சமஸ்கிருத 'வஸதி'யும் அதே வேர். 'வசித்தல்', 'வாசம்' என்று நாம் புழங்குவன அங்கிருந்து வந்தவையே. தங்குதல் நாளடைவில் இருத்தலாயிற்று. நம் 'இரு' என்னும் வினையும் அவ்விரு பொருளையும் சுமப்பதால், தமிழருக்கு இதில் வியப்பிராது.

இது வேரின் உயிரை மாற்றிக் காலம் காட்டும் வலிய வினை. நிகழ்காலத்தில் எகரம், இறந்தகாலத்தில் 'இருந்தான்' என்பதற்கு அகரத்தோடு '*வஸ்', 'இருந்தார்கள்' என்பதற்கு நெடிலோடு '*வேஃஜுன்'. பன்மையில் ஸகரம் குரல்நாண் அதிரும் ஒலியாக (இங்கே 'ஃஜ') மாறியிருப்பதைக் கவனியுங்கள். காரணத்தை 1875இல் டென்மார்க்கைச் சேர்ந்த கார்ல் வெர்னர் கண்டறிந்தார்: மூலமொழியில் அழுத்தம் ஒருமையில் வேரின் மீதும் பன்மையில் விகுதியின் மீதும் விழுந்தது, அழுத்தம் பெறாத உயிரை அடுத்த ஸகரம் அதிரொலியாயிற்று. பின்னர் அழுத்தம் எங்கும் முதலசைக்கே நகர்ந்துவிட, காரணம் மறைந்து விளைவு மட்டும் எஞ்சியது. வேத மொழியின் வினைகளில் அந்தப் பழைய அழுத்தம் அப்படியே நிற்பதுதான் வெர்னருக்குக் கைகொடுத்தது.

மேற்கு, வடக்கு ஜெர்மானிய மொழிகளில் அந்த அதிரொலி ரகரமாயிற்று. பழைய ஆங்கிலத்தின் 'வாஸ்', 'வாரோன்' இணை அப்படி வந்ததே. ஜெர்மனோ பன்மையின் ரகரத்தை ஒருமைக்கும் பரப்பி 'வார்', 'வாரன்' என்று சமன்செய்துகொண்டது. ஆனால் 'இருந்த' என்னும் எச்சமான 'கெவேஸன்' என்பதில் பழைய ஸகரம் தப்பிப் பிழைத்திருக்கிறது. நான்காம் நூற்றாண்டு விவிலிய மொழிபெயர்ப்பில் காணும் கோதிக் என்னும் அழிந்துபோன ஜெர்மானிய மொழி, எதிர்த்திசையில் சென்று, பன்மையிலும் ஸகரத்தையே வைத்து 'வேஸுன்' என்றது. அதை மட்டும் நம்பியிருந்தால், இவற்றுள் மிகப் பழைய ஏடு என்ற மதிப்பு இருந்தும், '*வேஃஜுன்' நமக்குக் கிடைத்தே இராது.