படத்தைக் காட்டிப் பணம் கேட்டு மிரட்டினால் என்ன செய்வது?

கேள்வி: எங்கள் ஊர் கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டி (படுகர் கிராமம்). குன்னூரில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். முன்பு பழகிய ஒருவர், அப்போது நானே அனுப்பிய அந்தரங்கப் படங்களை வைத்துக்கொண்டு மிரட்டுகிறார். பயந்துபோய் ஜிபேயில் 15,000 ரூபாய் அனுப்பினேன். இப்போது இன்னும் 30,000 கேட்கிறார். தராவிட்டால் அண்ணனுக்கும் ஊர் வாட்ஸ்அப் குரூப்புக்கும் அனுப்பிவிடுவாராம். நானே அனுப்பிய படம்தானே, போலீஸுக்குப் போக முடியுமா?

பதில்: தாராளமாகப் போகலாம். படம் உங்கள் சம்மதத்தோடு அவர் கைக்குப் போயிருக்கலாம். அதைக் காட்டி மிரட்ட நீங்கள் சம்மதிக்கவில்லையே. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 77-ஆம் பிரிவு இதைத் தெளிவாகவே சொல்கிறது: அந்தரங்கப் படம் எடுக்கப் பெண் சம்மதித்திருந்தாலும், பிறருக்குப் பரப்பச் சம்மதிக்காதபோது பரப்பினால் அது குற்றம்.

அவர் பரப்பும்வரை காத்திருக்கவும் வேண்டாம். பயமுறுத்திப் பணம் வாங்கியது 308-ஆம் பிரிவில் மிரட்டிப் பறித்தல். 7 ஆண்டுவரை சிறை. பெயரைக் கெடுப்பேன் என்ற மிரட்டலும் இதில் அடங்கும். இரண்டாவதாகக் கேட்கும் 30,000-ல் ஒரு ரூபாய்கூட நீங்கள் தராவிட்டாலும், பறிப்பதற்காகப் பயமுறுத்தியதே தனிக் குற்றம். ஒரு பெண்ணின் ஒழுக்கத்தின்மேல் பழி சுமத்துவதாக மிரட்டினால் 351-ஆம் பிரிவும் சேரும்.

இனி பணம் மட்டும் அனுப்பாதீர்கள். 15,000 வாங்கியவர் நிறுத்தவில்லை, இரட்டிப்பாகக் கேட்கிறார். 30,000 போனாலும் படம் அவரிடம்தான் இருக்கும்.

அடுத்தது ஆதாரம். கோபத்தில் சாட் மெசேஜ்களை அழித்துவிடாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுக்கும்போது நீங்கள் சேமித்து வைத்த பெயர் மட்டும் தெரிந்தால் போதாது. அவருடைய எண், தேதி, நேரம் எல்லாம் தெரிய வேண்டும். மெசேஜ் தானாக மறையும்படி அவர் வைத்திருந்தால், இன்னொரு போனில் உங்கள் திரையை வீடியோ எடுங்கள். ஜிபேயில் அந்த 15,000-ஐத் திறந்தால் 12 இலக்க யுபிஐ பரிவர்த்தனை எண் இருக்கும். அதைக் குறித்து வையுங்கள். பணம் யார் கணக்குக்குப் போனது என்பதைப் போலீஸ் அதை வைத்துத்தான் பிடிக்கும். போனை மாற்றவோ ரீசெட் செய்யவோ வேண்டாம். எல்லாம் பத்திரமான பிறகு பிளாக் செய்யுங்கள்.

அண்ணனுக்கு அவர் வழியாகத் தெரிவதைவிட உங்கள் வாயால் தெரிவது நல்லது என்பது என் கருத்து. அண்ணனிடம் சொல்ல முடியாவிட்டால் அம்மாவோ, அண்ணியோ, நம்பிக்கையான ஒரு தோழியோ போதும். ஒருவருக்குத் தெரிந்தாலே அந்த மிரட்டலின் பலம் பாதி போய்விடும். ஆனால் அண்ணன் ஆள் சேர்த்துக்கொண்டு அடிக்கப் போகக் கூடாது. உங்கள் மேல் எதிர்ப்புகார் வரும், அதற்குள் அவர் போனையும் ஒழித்துவிடுவார். ஊர்ப் பெரியவர்களை வைத்துப் பேசி எழுதி வாங்கலாம் என்பார்கள். எழுதிக் கொடுத்துவிட்டு நகலை வேறிடத்தில் வைத்திருந்தால் யார் கண்டுபிடிப்பது?

உள்ளூர் ஸ்டேஷனில் தெரிந்த முகங்கள் இருக்குமே என்ற தயக்கம் மலையில் எல்லோருக்கும் உண்டு. புகாரை எந்தக் காவல் நிலையத்திலும் தரலாம். எல்லை எங்களுடையது இல்லை என்று திருப்பி அனுப்பக் கூடாது. மகளிர் காவல் நிலையம் போகலாம், ஊட்டியில் மாவட்ட சைபர் கிரைம் பிரிவை அணுகலாம். சைபர் குற்ற உதவி எண்ணான 1930-ஐ அழைக்கலாம், தேசிய சைபர் கிரைம் தளத்திலும் பதியலாம். மின்னணு வழியில் காவல்துறைக்குத் தரும் தகவலை வழக்காகப் பதிய, 3 நாளுக்குள் நேரில் கையெழுத்திட வேண்டும். மழையில் ரோடு அடைபடும் நாட்களில் இதை மறந்துவிடாதீர்கள்.

படம் வெளியே போய்விடும் என்ற பயம் இருந்தால் ஸ்டாப்என்சிஐஐ (StopNCII) என்ற இலவச இணையதளம் இருக்கிறது. 18 வயது நிரம்பியவர்களுக்கானது. உங்கள் படத்தை அது வாங்கிக்கொள்ளாது. போனிலேயே அதற்கு ஒரு எண் அடையாளம் உருவாக்கி, அதை மட்டும் எடுத்துக்கொள்ளும். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போன்ற தளங்களில் அதே படம் ஏறினால் தடுக்க அது உதவும். ஆனால் வாட்ஸ்அப்பில் ஒருவர் நேரடியாக அனுப்புவதை இது தடுக்காது. அதற்குப் போலீஸ் புகார்தான் வழி.

வக்கீல் செலவை நினைத்துத் தள்ளிப்போடாதீர்கள். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவை நேரில் அணுகலாம், அல்லது 15100-க்கு அழைக்கலாம். புகார் கொடுத்ததும் முதல் தகவல் அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். அதற்குக் காசு கிடையாது.