டெஸ்ட் எல்லாம் நார்மல், அப்பா மட்டும் தேறவில்லை

கேள்வி: என் அப்பாவுக்கு 72 வயது. காங்கேயம் பக்கம் தோட்டத்தில் தனியாக இருக்கிறார். அம்மா இறந்து 8 மாதம் ஆகிறது. கறவை மாடுகளை விற்றுவிட்டார். நெஞ்சு அடைக்குது, வயிறு எரியுது, மேலெல்லாம் வலிக்குது என்கிறார். ஈசிஜி, எண்டோஸ்கோப்பி எல்லாம் நார்மல். விடிகாலை 3 மணிக்கே எழுந்து உட்கார்ந்துகொள்கிறார். 6 கிலோ இளைத்துவிட்டார். "வயசானா அப்படித்தான், திருப்பூருக்கே கூட்டிட்டு வந்தர்லாம்" என்கிறார் அண்ணன். மனநல டாக்டர் என்றாலே, "எனக்கென்ன கிறுக்கா புடிச்சிருக்குது?" என்று அப்பா கோபப்படுகிறார். என்ன செய்வது?

பதில்: வயதானால் நடை தளரும், தூக்கம் கொஞ்சம் குறையும். 6 கிலோ இளைப்பதை வயதின் கணக்கில் எழுதக் கூடாது அம்மணி. நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் மனச்சோர்வு நோயாக இருக்கலாம் என்று நினைக்கிறேன். துணையை இழந்த துக்கம் வந்து வந்து போகும். நடுவில் பேரப்பிள்ளைகளைப் பார்த்தால் முகம் தெளியும். அந்தத் தெளிச்சலே இல்லை என்றால் அது வைத்தியம் பார்க்க வேண்டிய நோய்.

நம் பக்கத்துப் பெரியவர்கள் "மனசு சரியில்லை" என்று சொல்லி வருவதில்லை. ஆயுசு முழுக்கக் காட்டில் பாடுபட்டவர்களுக்கு அந்தச் சொல் வாயில் வராது. "மேலுக்குச் சுகமில்லீங்க" என்பார்கள். அது நடிப்பல்ல, வலி நிஜம். அதனால் "ரிப்போர்ட்ல ஒண்ணுமில்லைப்பா" என்று அவரிடம் திரும்பத் திரும்பச் சொல்லாதீர்கள்.

தள்ளிப்போடக் கூடாத வேலை ஒன்று இருக்கிறது. தோட்டத்துச் சாளையில் பூச்சி மருந்து இருந்தால் இன்றே அப்புறப்படுத்துங்கள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து, "இருந்து என்ன பண்றதுன்னு தோணுதுங்களாப்பா?" என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் சாகும் எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேட்க ஆள் இருந்தால் பலர் மனம்விட்டு அழுதுவிடுவார்கள். ஆமாம் என்றால் தனியே விடாமல் அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள். 14416 என்பது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண். அதில் எந்த நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

இனி, எப்படிக் கூட்டிப் போவது? வழக்கமாகப் பார்க்கும் டாக்டரிடமே முதலில் போங்கள். "தூக்கமும் பசியும் சரியாகணும்ல" என்று சொல்லுங்கள், அதில் பொய் இல்லை. ஆனால் அவருக்குத் தெரியாமல் களியிலோ மோரிலோ மாத்திரை கலக்காதீர்கள். தெரிந்த நாளில் உங்கள் மேலிருக்கும் நம்பிக்கை போய்விடும். ரத்தசோகை, தைராய்டு, வைட்டமின் பி12, சர்க்கரை, சோடியம் (ரத்தத்திலுள்ள உப்பு) பார்க்கச் சொல்லுங்கள். இவையும் ஆளை இப்படிச் சோர்த்துப் போடும். எடை குறைவுக்கு வேறு காரணம் உண்டா என்றும் டாக்டர் பார்க்க வேண்டும். சாப்பிடும் மாத்திரை அட்டைகளை எல்லாம் ஒரு பையில் எடுத்துப் போங்கள்.

மனச்சோர்வு மாத்திரையை முதியவர்களுக்குக் குறைந்த அளவில்தான் ஆரம்பிப்போம். முழுப் பலன் தெரிய 6 முதல் 8 வாரம் ஆகலாம். பத்தே நாளில் "கேக்கலீங்க" என்று நிறுத்திவிடுபவர்கள்தான் என் பெரிய கவலை. சிலருக்கு இந்த மாத்திரையால் சோடியம் குறையும், பிரஷருக்கு நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு இன்னும் கூடுதலாக. தள்ளாட்டமோ குழப்பமோ தெரிந்தால் உடனே ரத்தம் பாருங்கள். மெடிக்கலில் நீங்களாகத் தூக்க மாத்திரை வாங்கிக் கொடுக்கவே வேண்டாம். ராத்திரி எழுந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்தவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

திருப்பூர் விஷயத்தில் அவசரப்படாதீர்கள். இந்த நிலையில் இடமும் மாறினால் இன்னும் ஒடுங்கிப்போவார். நீங்களும் அண்ணனும் மாறி மாறிக் கொஞ்ச நாள் தோட்டத்தில் தங்க முடியுமா? விடிவதற்குள் பால் கறந்து சொசைட்டிக்கு ஊற்றிப் பழகியவர் அவர். அம்மாவும் இல்லை, மாடும் இல்லை என்றால் 3 மணிக்கு எழுந்தவர் எதற்காகக் கட்டுத்தரைக்குப் போவார்? கொஞ்சம் தேறியதும் ஒரு வெள்ளாட்டுக் குட்டி வாங்கலாமா என்று அவரையே கேட்டுப் பாருங்கள்.