பொத்தான்கள் இரண்டாம் நாள் மதியம் வரை காத்திருக்கட்டும்

கேள்வி: நான் ஒரு வட்டார வள மையத்தில் ஆசிரியர் பயிற்றுநராக இருக்கிறேன். எங்கள் வட்டாரத்துத் தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்கள் 40 பேருக்கு, இணையவழியிலும், வகுப்பறையும் இணையமும் சேர்ந்த கலப்பு முறையிலும் பாடம் நடத்த இரண்டு நாள் பயிற்சி தரச் சொல்லியிருக்கிறார்கள். செயலிகளை ஒவ்வொன்றாகத் திரையில் காட்டி விளக்கலாம் என்று இருந்தேன். ஆனால், "அரசு இணையத்தில் நடத்திய நிஷ்டா பயிற்சியையே 'அடுத்து, அடுத்து' என்று அழுத்திச் சான்றிதழ் வாங்கிவிட்டோம், இது எதற்கு?" என்கிறார்கள் பலர். 58 வயது ஆசிரியை ஒருவர், "இன்னும் இரண்டு வருடத்தில் ஓய்வு, என்னை விட்டுவிடம்மா" என்று கையைப் பிடித்துக்கொண்டார். எங்கே தொடங்குவது?
- பெயர் வேண்டாம், திருவாரூர் மாவட்டம்

பதில்: அன்புள்ள சகோதரி,

செயலிகளில் தொடங்காதீர்கள். இந்த ஆண்டு காட்டும் பொத்தான் அடுத்த ஆண்டு வேறு இடத்துக்குப் போய்விடும். எதிரில் இல்லாத பிள்ளைக்குப் பாடம் புரிந்ததா என்று கண்டுபிடிக்கும் வித்தைதான் உங்கள் ஆசிரியர்களுக்கு வேண்டும். வகுப்பறையில் அதை நாம் முகத்தைப் பார்த்தே செய்துவிடுவதால், அது ஒரு வித்தை என்பதே நமக்குத் தெரிவதில்லை.

எனக்கு அது 2020-இல்தான் தெரிந்தது. பத்தாம் வகுப்புக்கு இணையவழியில் கணக்கு நடத்தினேன். "புரிந்ததா?" என்று கேட்பேன். "புரிந்தது டீச்சர்" என்று வரிசையாகப் பதில் வரும். அதை நம்பினேன். ஒரு மாணவன் மட்டும் வகுப்புக்கு வருவதே இல்லை. அவன் தந்தையிடம் கடிந்து பேசினேன். அவர் நிதானமாகச் சொன்னார்: "போன் ஒன்றுதானம்மா இருக்கிறது. நான் வேலை முடிந்து வீடு வர எட்டு மணி ஆகிறது." அன்று முதல் பாடத்தைச் சின்னச் சின்ன ஒலிப்பதிவுகளாக்கி இரவு எட்டு மணிக்கு அனுப்பத் தொடங்கினேன். அவன் மட்டுமல்ல, இன்னும் ஏழு பேர் புதிதாக வந்து சேர்ந்தார்கள். எந்த வீட்டில் எத்தனை மணிக்குப் போன் இருக்கும் என்று எந்தப் பயிற்சியிலும் எனக்கு யாரும் கேட்கச் சொல்லித் தரவில்லை. நீங்கள் சொல்லிக் கொடுங்கள். உங்கள் ஆசிரியர் ஒவ்வொருவரும் தம் வகுப்பின் போன் நேரப் பட்டியலோடு முதல் நாள் வரட்டும். போனே இல்லாத பிள்ளைகளின் பெயர்கள் அதில் தனியாக இருக்க வேண்டும். அவர்களுக்குத் தாளில் என்ன கொடுப்பது என்று திட்டமிட்ட பிறகுதான் மற்றவர்களுக்கான திட்டம்.

அதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. பயிற்சிக்குப் பத்து நாள் முன்பே அந்த 40 பேரையும் இணையவழி மாணவர்களாக உட்கார வையுங்கள். வாட்ஸ்அப் குழு போதும். அவர்களுக்குத் தெரியாத ஒரு பாடத்தை அனுப்புங்கள், கணக்கு ஆசிரியருக்கு யாப்பு, தமிழாசிரியருக்கு மின்சுற்று என்பதுபோல. ஒருவர் பாதியில் விடுவார், ஒருவர் பக்கத்து ஆளிடம் விடையைக் கேட்டு அனுப்புவார், ஒருவர் சந்தேகம் கேட்கக் கூச்சப்பட்டுப் பேசாமல் இருப்பார். முதல் நாள் காலை முழுவதும் அதையே பேசுங்கள். ஏன் விட்டீர்கள்? எந்த இடத்தில் தனியாக விடப்பட்டதுபோல் இருந்தது? நிஷ்டாவில் 'அடுத்து' என்று அழுத்தியதும் அந்த இடத்தில்தான். அவர்களைச் சோம்பேறிகள் என்று நான் சொல்லமாட்டேன். மறுநாள் காலை வகுப்பில் உதவும் ஒன்றை அந்தப் பாடம் அவர்களிடம் கேட்கவில்லை.

எதிரில் ஆள் இல்லாமல் கற்பிப்பதும் புதிதல்ல. 1975-76-இல் ஏடிஎஸ்-6 செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களில் சுமார் 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சி போனபோதே, தொடக்கப்பள்ளி ஆசிரியர்களுக்கு அதில் அறிவியல் பயிற்சி நடந்தது. அன்றும் திரையை மட்டும் நம்பவில்லை. வானொலி, அச்சிட்ட குறிப்பு, கையால் செய்து பார்க்கும் வேலை எல்லாம் சேர்த்தே கொடுத்தார்கள்.

முதல் நாள் மதியம் ஒரே ஒரு பாடத்தை எடுங்கள். ஆறாம் வகுப்புப் பின்னக் கூட்டல் என்று வைத்துக்கொள்வோம். தாளை மடித்துப் பாதியையும் மூன்றில் ஒன்றையும் கையில் பிடித்துப் பார்ப்பது வகுப்பறையில்தான் நடக்க வேண்டும். பகுதியை, அதாவது கீழே இருக்கும் எண்ணை, சமமாக்கும் முறையைச் சின்ன வீடியோவாக வீட்டுக்கு அனுப்பலாம், பிள்ளை நிறுத்தி நிறுத்தி மூன்று முறை பார்க்கும். அதோடு ஒரே ஒரு கேள்வி: 1/2 + 1/3 எவ்வளவு? "2/5" என்று எழுதி அனுப்பும் பிள்ளை, மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டியிருக்கிறது. மறுநாள் வகுப்பு அந்த 2/5-லிருந்து தொடங்கட்டும். பாதியை விட 2/5 சிறியது, பாதியோடு இன்னொன்றைச் சேர்த்தால் எப்படிக் குறையும் என்று கேட்டால் வகுப்பே விழித்துக்கொள்ளும். கலப்பு முறை என்று நான் சொல்வது இதைத்தான். எது வீட்டுக்கு, எது வகுப்புக்கு என்று ஆசிரியர் பிரிக்கத் தெரிந்துகொள்ள வேண்டும், தவறான விடையே உள்ளே நடப்பதைக் காட்டிக்கொடுக்கும்படி கேள்வி கேட்கப் பழக வேண்டும். இந்த இரண்டுக்கும் ஒரு மதியம் போதாது, கொஞ்சம் இரண்டாம் நாளுக்கும் நீளட்டும்.

வீடியோ என்றதும் 40 நிமிடப் பாடத்தை அப்படியே படம் பிடித்துவிடுவார்கள். தடுங்கள். எட்எக்ஸ் என்ற தளத்தின் இணையவழிப் பாடங்களில் 69 இலட்சம் முறை வீடியோ பார்க்கப்பட்ட பதிவுகளை ஆராய்ந்து 2014-இல் வெளிவந்த ஆய்வு, ஆறு நிமிடத்துக்கு உட்பட்ட வீடியோக்களில்தான் கவனம் நிலைக்கிறது என்றது. அங்கே படித்தவர்களில் பலர் வளர்ந்தவர்கள். நம் பிள்ளைகளுக்கு மூன்று நிமிடம் போதும். நாற்காலியின் முதுகில் போனைக் கட்டி, கீழே இருக்கும் நோட்டைப் பார்க்க வைத்து, ஆசிரியர் எழுதிக்கொண்டே பேசட்டும். பிள்ளைக்குத் தன் டீச்சரின் கையெழுத்தும் குரலும் வேண்டும். கல்வித் தொலைக்காட்சியிலும் அரசின் இணையப் பாடத் தளமான திக்‌ஷாவிலும் நல்ல பாடங்கள் இருக்கின்றன, எடுத்துக்கொள்ளலாம். ஆனால் எதை, எந்த நிமிடத்திலிருந்து பார்க்க வேண்டும் என்று சொல்லாமல் இணைப்பை மட்டும் தள்ளிவிடுவது கற்பித்தல் ஆகாது.

திரை நேரத்துக்கு வரம்பு உண்டு. 2020 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட பிரக்யாதா வழிகாட்டுதல், எட்டாம் வகுப்பு வரை ஒரு நாளில் நேரலை வகுப்பு 30 முதல் 45 நிமிடம் கொண்ட இரண்டு அமர்வுகளுக்கு மேல் கூடாது என்றது. மாணவிகளின் எண்கள் எல்லோருக்கும் தெரியும்படி குழு தொடங்காமல் இருப்பதையும் மறக்காமல் சொல்லுங்கள்.

செயலிகள் இரண்டாம் நாள் மதியம் வரட்டும். அதற்குள் தங்களுக்கு எது தேவை என்று அவர்களே கேட்பார்கள். இளையவர் ஒருவர், மூத்தவர் ஒருவர் என்று ஜோடி சேருங்கள். போன் மூத்தவர் கையில் இருக்க வேண்டும், இளையவர் வாயால் மட்டுமே உதவ வேண்டும். நடுவில் சொல்லாமல் வைஃபையை அணைத்துவிடுங்கள். ஊரில் தினமும் நடப்பதுதானே, அங்கேயே பழகட்டும்.

இரண்டு நாளில் முடித்துவிட்டால் எல்லாம் வீண். ஆசிரியர் பயிற்சியைப் பற்றி 1980-களிலேயே கல்வி ஆய்வாளர்களான புரூஸ் ஜாய்ஸும் பெவர்லி ஷவர்ஸும் எழுதினார்கள்: விளக்கம், செய்து காட்டல், பயிற்சி எல்லாம் தந்த பிறகும், பள்ளியில் கூட நின்று உதவ ஆள் இருந்தால்தான் கற்றது வகுப்பறைக்குள் போகிறது. அந்த ஆள் நீங்கள்தான், பள்ளிகளுக்கு எப்படியும் போகிறீர்கள். படிவம் எடுக்காமல் ஒரு பாடவேளை பின்பெஞ்சில் உட்காருங்கள். பக்கத்துப் பள்ளிகள் சேரும் குறுவள மையக் கூட்டத்தில் மாதம் ஒருமுறை, மூன்று பேர் தங்கள் பிள்ளைகளின் தவறான விடைகளைக் கொண்டுவந்து பேசட்டும். ஆதாரத்துக்குப் புகைப்படம் அனுப்பச் சொல்லி மட்டும் அவர்களைத் துரத்தாதீர்கள். உங்களுக்கு மேலே இருப்பவர்களிடமும் இதற்காக வாதாடுங்கள்.

அந்த 58 வயது ஆசிரியையை விட்டுவிடாதீர்கள். ஒரு பாடத்தில் பிள்ளைகள் எங்கே இடறுவார்கள் என்று அந்த 40 பேரில் அவருக்குத்தான் அதிகம் தெரிந்திருக்கும். நாளைக்கே அவர் வீட்டுக்குப் போங்கள். ஒலிப்பதிவுக்கு எதை அழுத்துவது என்பதை மட்டும் காட்டுங்கள். "பின்னத்தில் பிள்ளைகள் செய்யும் தப்பை இரண்டு நிமிடம் சொல்லுங்கள் டீச்சர்" என்று கேளுங்கள். உங்கள் பயிற்சிக் குழுவில் முதலில் ஒலிப்பது அவர் குரலாக இருக்கட்டும்.