பட்டிக்கு நாய் வேணும், ஆனா எந்த வேலைக்கு?

வேலூர் மாவட்டம் அணைக்கட்டு ஊர் பக்கத்துல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. 34 வெள்ளாடு, 6 செம்மறி வெச்சிருக்காராம். பகல்ல மேய்க்கப்போனா ஆடுங்க பக்கத்து மல்லாட்ட (வேர்க்கடலை) கொல்லியில எறங்கிடுது, தினமும் சண்ட. போன மாசம் ராத்திரி தெருநாய் கூட்டம் பட்டிக்குள்ள பூந்து 4 ஆட்ட கடிச்சி போட்டுட்டு போயிடுச்சாம். பெங்களூர்ல இருக்கிற ஃப்ரெண்டு ஒரு பார்டர் கோலி குட்டி தரேங்குறாரு, மச்சான் என்னடான்னா காக்கேசியன் ஷெப்பர்ட் வாங்கு, புலியே வந்தாலும் பாத்துக்கும்ங்குறாரு. வீட்ல 5 வயசுலயும் 8 வயசுலயும் பசங்க. எத வாங்கட்டும் சார்னு கேக்குறாரு.

தம்பி, மொதல்ல இத புரிஞ்சிக்குங்க. இந்த ரெண்டு நாயும் பெருசு சின்னதுங்கிற வித்தியாசம் இல்ல, செய்யற வேலையே நேர் எதிர். பார்டர் கோலி மேய்ச்சல் நாய், காக்கேசியன் காவல் நாய். மேய்ச்சல் நாய்ங்கிறது அடிப்படையில வேட்ட நாய்தான், மொறச்சி பாக்கறது, பதுங்கி போறது, துரத்தறது இந்த மூணையும் வெச்சிகினு கடிச்சி கொல்லறத மட்டும் நூறு வருஷத்துக்கு மேல பொறுக்கி பொறுக்கி இனப்பெருக்கம் பண்ணி கொறச்சிருக்காங்க. இப்ப இருக்கிற பார்டர் கோலிங்களுக்கு மூதாதைன்னு சொல்ற ஓல்ட் ஹெம்ப்ங்கிற நாய் 1893ல இங்கிலாந்து ஸ்காட்லாந்து எல்லை பக்கம் பொறந்தது, சத்தமே போடாம கண்ணாலயே ஆட்ட நகத்துமாம். அதாவது ஆடு அந்த நாய பாத்து பயந்தாதான் வேலையே நடக்கும். காவல் நாய் அப்படி இல்ல, ஆடு அத பாத்து பயப்படவே கூடாது, நடுவுல வந்து படுத்துதுன்னா ஆடு பாட்டுக்கு அசை போட்டுகினு இருக்கணும். ஒரே நாயி ரெண்டு வேலையும் செய்யும்னு யாராச்சும் சொன்னா நம்பாதீங்க.

இப்ப உங்க பிரச்சன இன்னா? கொல்லியில எறங்கறது சண்டைதான், ஆனா 4 ஆடு செத்தது ராத்திரியில. ராத்திரி நீங்க தூங்கும்போது விசில் ஊத யாரு இருக்கா? பார்டர் கோலி சொல்றதுக்கு ஆள் இருந்தாதான் வேல செய்யும், ஆள் இல்லாம பட்டியில விட்டா அதுவே ஆட்ட சுத்தி சுத்தி ஓட்ட ஆரம்பிச்சிடும். ரெண்டு வருஷம் முன்னாடி காட்பாடி தாண்டி ஒரு பண்ணையில கூப்பிட்டாங்கன்னு போனேன், சினை ஆடு ரெண்டு கரு கலைஞ்சி வீசிடுச்சி, என்ன நோவுன்னு தெரியலன்னு சொன்னாங்க. பாத்தா ஒரு அழகான கறுப்பு வெள்ள நாயி, வேலியோரமா குனிஞ்சி போயிகினே இருக்குது, ஆடு மொத்தமும் ஒரு மூலையில ஒண்ணு மேல ஒண்ணு ஏறி நிக்குது, வாய தொறந்து எளைக்குது. நோவுக்கு ரத்தம் எடுத்து அனுப்பறது அனுப்புவோம், அதுக்கு முன்ன நாய கட்டுங்கன்னு சொல்லிட்டு வந்தேன்.

இன்னொரு விஷயம், பார்டர் கோலி வேல செய்யறது செம்மறிகிட்ட. செம்மறி ஒண்ணு திரும்பினா மந்தையே திரும்பும். வெள்ளாடு அப்படியா, துரத்தினா நாலு பக்கமும் செதறும், இல்ல கெடா நின்னு முட்ட வரும். உங்ககிட்ட 34 வெள்ளாடு. விசிலுக்கு திரும்பற அளவுக்கு அந்த நாய பழக்க ஒரு வருஷத்துக்கு மேல ஆவும், நம்ம பக்கம் அத சொல்லித்தர ஆளும் சுலபத்துல கெடைக்காது. வேல இல்லாத பார்டர் கோலி பைக்க துரத்தும், ஓடற பசங்க குதிகால கவ்வும், அதுக்கு அது வெளையாட்டு, உங்க 5 வயசு புள்ளைக்கு அழுகை. மல்லாட்ட கொல்லி சண்டைக்கு மந்தைக்கு முன்ன போற ரெண்டு தலை ஆட்டுக்கு கழுத்துல கயிறு போட்டு முன்னாடி நடத்துனீங்கன்னா பாதி தீர்ந்துடும், அதுக்கு வெளிநாட்டு நாயி எதுக்கு?

அதையும் மீறி கோலி வகை எதுனா வாங்கற யாரா இருந்தாலும் இத மட்டும் எழுதி செவுத்துல ஒட்டி வெச்சிக்குங்க. நம்ம ஊர்ல சொறின்னாலே, உண்ணின்னாலே ஐவர்மெக்டின் ஊசிதான், ஆட்டுக்கு போட்டு மீதி இருக்கறத நாய்க்கும் போடறவங்க இருக்காங்க. கோலி, ஆஸ்திரேலியன் ஷெப்பர்ட் மாதிரி நாய்ங்கள்ல நெறைய பேருக்கு எம்டிஆர்1ங்கிற மரபணுவுல கோளாறு, மருந்து மூளைக்குள்ள பூந்துடும், தள்ளாடி, கண்ணு தெரியாம, கோமாவுக்கு போயி செத்தும் போவும். இத 2001ல அமெரிக்காவுல வாஷிங்டன் ஸ்டேட் யுனிவர்சிட்டியில கண்டுபுடிச்சாங்க. பார்டர் கோலியில இது கம்மிதான், ஆனா வாங்கற குட்டியில என்ன கலந்திருக்குன்னு யாருக்கு தெரியும்? டாக்டர்கிட்ட இது கோலி வகைன்னு வாய தொறந்து சொல்லுங்க.

சரி, மச்சான் சொன்ன காக்கேசியன். காவல் நாய் வேணும்ங்கிறதுல மச்சான் சொல்றது சரி, நாயிதான் தப்பு. பனி மலையில ஓநாய்கிட்ட இருந்து ஆட்ட காக்க வளத்த நாய், ஆண் நாயின்னா 50 கிலோவுக்கு மேல, ஒடம்பெல்லாம் ரெண்டு அடுக்கு முடி. மே மாசம் வேலூர்ல 40 டிகிரி தாண்டறது சர்வசாதாரணம், நாய்க்கு நம்மள மாதிரி வேர்க்காது, எளைச்சிதான் சூட்ட எறக்கணும். கத்திரி வெயில்ல அது கொட்டாய் நெழல்ல நாக்க தொங்கப்போட்டு படுத்திருக்கும், நீங்க அதுக்கு ஃபேன் போட்டுகினு இருப்பீங்க. முடிய மழிச்சிடலாமேன்னு நெனைக்காதீங்க, அந்த முடிதான் வெயில தடுக்கறதும். அதுவும் இல்லாம 2024 மார்ச்ல மத்திய அரசு 23 வகை நாய்ங்கள தட பண்ண சொல்லி மாநிலங்களுக்கு லெட்டர் போட்டுச்சே, காக்கேசியன், கங்கல், அக்பாஷ்னு மந்த காவல் நாய்ங்க பலதும் அந்த லிஸ்ட்ல இருந்தது. அடுத்த மாசமே கர்நாடகா ஐகோர்ட் அத ரத்து பண்ணிடுச்சி, ஆனாலும் நாளைக்கு சட்டம் எப்படி மாறும்னு பாத்துகினு ஒரு நாய வளக்கணுமா? பால்காரர், கரண்ட்காரர், பசங்களோட ஃப்ரெண்ட்ஸ்னு ஆள் வந்து போற வீடு வேற.

அப்ப நம்ம ராஜபாளையம்? கேப்பீங்கன்னு தெரியும். பன்னி வேட்டைக்கு போன வம்சம் அது, ஒரே எசமான்கிட்ட ஒட்டிக்கும், வெள்ளையா பொறக்கறதுல சிலது காது கேக்காமயே பொறக்குது, காவலுக்கு வாங்கறவங்க குட்டி முதுகு பக்கம் நின்னு கை தட்டி பாத்துட்டுதான் வாங்கணும். சிப்பிப்பாறை, கன்னி ரெண்டும் முயல் ஓட்டற நாய், ஓடறத பாத்தா அதுங்களுக்கு கால் நிக்காது, பட்டிக்கு வேணாம். கோம்பை காவலுக்கு நல்ல நாய், சின்ன குட்டியிலயே ஆட்டோட வளத்தா பரவால்ல.

என்ன கேட்டா நாட்டு நாய்தான். ஏன்னா காவல்ல பாதி ரத்தத்துல வருது, மீதி பாதி அது எங்க வளருதுங்கறதுல வருது. அமெரிக்காவுல நவாஹோங்கிற பழங்குடி மக்கள் எந்த சாதி நாயின்னே பாக்காம கலப்பு நாய் குட்டிங்கள ஆட்டு பட்டியிலயே போட்டு வளக்கறாங்க, ஓநாய் மாதிரி இருக்கிற கொயோட்டிய அதுங்கதான் வெரட்டுது. நம்ம ஜவ்வாது மலை அடிவாரத்துல ஆடு மேய்க்கறவங்களும் அதத்தான் செய்யறாங்க, என்ன, அதுக்கு யாரும் பேர் வெக்கல.

வளக்கற முறைதான் முக்கியம், இத கொஞ்சம் பொறுமையா படிங்க. 8 வாரத்துல குட்டிய கொண்டாங்க. வீட்டு திண்ணையில வேணாம், நேரா பட்டிக்கு. ஒரு மூலையில குட்டி மட்டும் நொழையற மாதிரி கம்பி வலை அடிச்சி சின்ன எடம் பண்ணுங்க, ஆடு முட்ட வந்தா அதுக்குள்ள ஓடி ஒளிஞ்சிக்கும். மொதல்ல ரெண்டு மூணு சாதுவான எளங்குட்டிங்களோட மட்டும் விடுங்க, புதுசா ஈன ஆடு கிட்ட விடாதீங்க, அது முட்டியே கொன்னுடும். சோறு, களி, தண்ணி எல்லாம் அங்கியே. பசங்க வந்து கொஞ்சட்டும், ஆனா தூக்கிகினு வீட்டுக்கு போவக்கூடாது, இதுதான் ரொம்ப கஷ்டம், பாத்துகினே இருங்க, ரெண்டாவது நாளே தூக்கிகினு போயிடுவாங்க.

ஆறு மாசத்துல இருந்து ஒரு வயசு தாண்டற வரைக்கும் சேட்ட பண்ணும், ஆட்டுக்குட்டி காத கவ்வும், துரத்தி வெளையாடும். இங்கதான் எல்லாரும் இது ஒதவாத நாயின்னு முடிவு பண்ணி வித்துடறாங்க. ஒதவாதது இல்ல, வயசு. பட்டு பட்டுனு அதட்டுங்க, ஆள் இல்லாதப்ப தனியா அடைங்க, கழுத்து பட்டையில முழங்கால் ஒசரத்துக்கு ஒரு கட்டைய தொங்க விட்டா ஓடும்போது அதுவே தடுக்கும். ரெண்டு வயசு ஆனாதான் முழு காவல்.

பொட்ட குட்டியா இருந்தா கருத்தடை ஆபரேஷன் கட்டாயம், இல்லன்னா பருவத்துக்கு வரும்போது நீங்க யாருக்கு பயந்து நாய் வாங்கினீங்களோ அந்த கூட்டமே பட்டிய சுத்தி நிக்கும். மூணு மாசத்துல வெறிநாய் தடுப்பூசி, அப்பறம் வருஷா வருஷம். மூணு மாசத்துக்கு ஒருக்கா குடல்புழு மாத்திர. ஆடு அறுத்தா மூளை, கொடல், கல்லீரல் பச்சையா நாய்க்கு போடாதீங்க, அதுல இருக்கிற புழு நாய் வயித்துல வளந்து, நாய் பீ வழியா தழைக்கு வந்து, திரும்ப ஆட்டு மூளைக்கே போவும், ஆடு ஒரே பக்கமா சுத்திகினு சாவுது பாருங்க, அது இதுதான்.

அந்த ரெண்டு வருஷம் வரைக்கும் பட்டிய காக்கறது வேலிதான். அஞ்சு ஆறு அடி ஒசரம் கம்பி வலை, அடியில ஒரு அடி மண்ணுக்குள்ள பொதைக்கணும், தெருநாய் தாண்டறத விட தோண்டறதுதான் அதிகம். அடுத்த வாட்டி ஆடு செத்தா காயத்த பாருங்க. பின்னங்கால், தொட, மடி, காதுன்னு பல ஆட்டுல கடி இருந்து எதையும் முழுசா திங்கலன்னா நாய். தொண்டையில மட்டும் கடி, ஒரு ஆடு மட்டும் இழுத்துகினு போன தடம்னா சிறுத்தைய சந்தேகப்படணும், குடியாத்தம் பேரணாம்பட்டு காட்டோர ஆளுங்களுக்கு இது தெரியும். சிறுத்த நடமாட்டம் இருந்தா நாய வெளிய சங்கிலியில கட்டாதீங்க, அது காவல் இல்ல, எர. கடிபட்டு பொழச்ச ஆடுங்கள உடனே கையுறை போட்டுகினு சோப்பு போட்டு ஓடற தண்ணியில கழுவி, டாக்டர்கிட்ட காட்டி வெறிநாய் ஊசி போடுங்க, உங்களோட மிச்ச ஆடுங்கள்ல கடிபட்டது எதுனா இருந்தா இன்னைக்கே.

பெங்களூர் ஃப்ரெண்டுகிட்ட வேணாம்னு சொல்லிடுங்க. வெள்ளிக்கெழம ஒடுகத்தூர் ஆட்டுச்சந்தைக்கு போயி ஆடு ஓட்டிகினு வர பெரியவங்ககிட்ட உங்க பட்டி நாயி எப்ப குட்டி போடும்னு கேளுங்க. ஒண்ணுக்கு ரெண்டா கேளுங்க, நாலஞ்சி தெருநாய் வந்தா ஒண்ணு சமாளிக்காது, ஆனா ரெண்டையும் ஆறு மாசம் இடைவெளி விட்டு கொண்டாங்க, ஒரே நேரத்துல வந்தா ரெண்டும் ஆட்ட விட்டுட்டு ஒண்ணோட ஒண்ணு வெளையாடும். குட்டி தரேன்னு சொன்னா பகல்ல போவாதீங்க, ராத்திரி எட்டு மணிக்கு மேல போயி தாய் நாயி எங்க படுத்திருக்குன்னு பாருங்க, ஆட்டு நடுவுல இருந்துச்சின்னா அட்வான்ஸ் குடுத்துட்டு வாங்க.