நான் போடும் லைக்கை வைத்து எனக்கென்று தனி விளம்பரம் எப்படிக் காட்டுகிறார்கள்?

ஒரு லைக் எதையும் சொல்லாது. நூறு சேர்ந்தால் நிறையவே சொல்லும். 2013-இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சுமார் 58,000 பேரின் ஃபேஸ்புக் லைக்குகளை அலசி, வயது, குணம், அரசியல் சாய்வு வரை ஓரளவு கணித்துக் காட்டினார்கள். சுருள் உருளைக்கிழங்கு வறுவலுக்கு லைக் போட்டவர்களுக்கு அறிவுத்திறன் அதிகம் என்றுகூட வந்தது. ஏன் என்று கேட்காதீர்கள், கணினிக்குக் காரணம் வேண்டாம், பொருத்தம் போதும்.

அப்புறம் வந்தது கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்ற பிரிட்டிஷ் அரசியல் ஆலோசனை நிறுவனம். அதற்குத் தகவல் திரட்டிய குணத்தேர்வுச் செயலியை நிறுவியவர்கள் ஏறத்தாழ 2,70,000 பேர்தான். ஆனால் அன்றைய விதிப்படி நண்பர்களின் தகவலும் கூடவே போனதால், 8.7 கோடி பேர் வரை சிக்கியிருக்கலாம் என்று 2018-இல் ஃபேஸ்புக்கே சொன்னது.

கேம்பிரிட்ஜ் அனலிட்டிகாவின் அன்றைய தலைவர் அலெக்சாண்டர் நிக்ஸ் 2016-இல் மேடையிலேயே ஓர் உதாரணம் காட்டினார். விஷயம் அமெரிக்காவில் துப்பாக்கி வைத்திருக்கும் உரிமை. எதற்கும் பதறுகிறவருக்கு, ஜன்னலை உடைத்து நுழையும் திருடனின் கை. மரபை மதிக்கிறவருக்கு, அப்பாவும் மகனும் வேட்டைக்குப் போகும் படம்.

இதனால் 2016 அமெரிக்க அதிபர் தேர்தலே மாறியதா? எனக்குச் சந்தேகம்தான், விற்பனைப் பேச்சு அதில் அதிகம். இப்போது குணத்தேர்வே தேவையில்லை. தன்னிடமுள்ள ஃபோன் எண் பட்டியலை ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவில் ஏற்றி, இவர்களைப் போன்றவர்களுக்கும் காட்டு என்று விளம்பரதாரர் கேட்டால் முடிந்தது. விளம்பரத்தின் ஓரத்திலுள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டால், அது உங்களுக்கு ஏன் வந்தது என்பதில் கொஞ்சமாவது தெரியும்.