ரசம் எந்தப் பக்கம் இருக்கிறது?

கேள்வி: "அண்ணா, நான் பண்டாரவளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் இருக்கிறேன், எங்கள் மாதா கோயில் பாட்டுக்குழுவில் கிட்டார் வாசிக்கிறேன். ஸ்டீல் கம்பி போட்ட சாதாரண அக்கூஸ்டிக் கிட்டார், ஃப்ரெட் போர்டில், அதாவது ஃப்ரெட் என்கிற உலோகக் கட்டைகள் குறுக்கே பதித்த, விரல் அழுத்தும் பலகையில், வெள்ளைப் பொட்டுகள் மட்டும்தான் இருக்கின்றன. அவற்றுக்குப் பதிலாக முகம் பார்க்கிற கண்ணாடியை வெட்டிப் பதிக்க ஆசை. 12ஆம் ஃப்ரெட்டில் மட்டும் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை அகலமாக ஒரு கட்டம் வேண்டும். வீட்டில் உடைந்த கண்ணாடி ஒன்று கிடக்கிறது. செய்யலாமா?"

பொட்டுகளைச் செய்யலாம் தம்பி, நன்றாகவும் வரும். ஆனால் அந்த உடைந்த கண்ணாடி வேண்டாம், அகலக் கட்டமும் வேண்டாம். ஏன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன், அது புரிந்தால் எந்தப் பொருள் கையில் கிடைத்தாலும் அது தேறுமா தேறாதா என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

கண்ணாடியில் முகம் தெரிவது அதன் ரசத்தால், அதாவது பளபளக்கும் உலோகப் பூச்சால். வீட்டுக் கண்ணாடியில் ரசம் பின்பக்கம், அதைக் காப்பாற்ற அதன் மேல் ஒரு பெயின்ட். வெட்டும்போது ஓரம் முழுக்க ரசம் திறந்துவிடுகிறது, அந்த வழியாகத்தான் ஈரம் உள்ளே போகும். குளியலறைக் கண்ணாடியின் ஓரம் கறுத்து உள்நோக்கிப் படர்வதை எல்லோரும் பார்த்திருக்கிறோம், அதேதான் கிட்டாரிலும் நடக்கும், இங்கே விரல் வியர்வையும் சேர்கிறது. நான் ஹட்டனில் வேலை பழகிய காலத்தில் ஒருவருக்கு மெல்லிய கண்ணாடியையே வெட்டிப் பதித்துக் கொடுத்தேன். மே மாதம் தொடங்கிய மழை ஓய்வதற்குள் ஒவ்வொரு துண்டைச் சுற்றியும் கறுப்பு வளையம். அதைவிட மோசம், கம்பியை வளைத்து வாசித்தபோது ஒரு துண்டின் மூலை சில்லு விட்டு அவருடைய விரலைக் கிழித்துவிட்டது. நம்பிக் கொடுத்த கிட்டார் அது, இன்றைக்கும் அதை நினைத்தால் மனசு கனக்கிறது. அதிலிருந்து விரல் படும் இடத்தில் கண்ணாடித் துண்டு வைப்பதேயில்லை.

இன்னொன்று தடிப்பு. வீட்டுக் கண்ணாடி பெரும்பாலும் 3 மில்லிமீட்டருக்குக் குறையாது. ஃப்ரெட் போர்ட் நடுவிலேயே ஏறக்குறைய 6 மில்லிமீட்டர்தான், விலை குறைந்த கிட்டார்களில் அதைவிடக் குறையலாம், அதற்கு நேர் கீழே கழுத்தை நேராக வைத்திருக்கும் இரும்புக் கம்பி ஓடுகிறது. 2 மில்லிமீட்டருக்கு மேல் தோண்டாதீர்கள்.

இப்போது அகலக் கட்டம். உங்கள் ஃப்ரெட் போர்ட் தட்டையாகத் தெரிந்தாலும் குறுக்குவாட்டில் லேசான வளைவு இருக்கும், ஸ்டீல் கம்பி கிட்டார்கள் அநேகமாக 12 முதல் 16 அங்குல ஆரம். (நைலான் கம்பி போடும் கிளாசிக்கல் கிட்டார் என்றால் வழக்கமாகத் தட்டைதான்.) 12 அங்குல வளைவில் 40 மில்லிமீட்டர் அகலத் தட்டைத் துண்டை வைத்தால் நடுவுக்கும் ஓரத்துக்கும் இடையே கிட்டத்தட்ட 0.65 மில்லிமீட்டர் வித்தியாசம் வரும். ஃப்ரெட்டின் உயரமே சுமார் 1 மில்லிமீட்டர்தான், அதில் பாதிக்கு மேல் இரண்டு ஓரமும் துருத்திக்கொண்டு நின்றால் எப்படி வாசிப்பது? சரி, நடுவை மட்டம் பார்க்காமல் ஓரத்தை மட்டம் பார்த்து ஆழமாக இறக்கினால் நடுவில் பள்ளம். ஆனால் அதே வளைவில் 6 மில்லிமீட்டர் பொட்டுக்கு வித்தியாசம் 0.015 மில்லிமீட்டர், விரலுக்குத் தெரியவே தெரியாது. கண்ணாடி மாதிரிப் பொருள் எல்லாவற்றுக்கும் இதுதான் கணக்கு: குறுக்கே ஒடுக்கமாக இருக்க வேண்டும். நீளவாக்கில் போர்ட் நேராகத்தான் போகிறது, அந்தப் பக்கம் நீளமாக இருந்தால் பரவாயில்லை.

கண்ணாடி ஒட்டிய கிட்டார்களைப் படத்தில் பார்த்துத்தான் பலருக்கும் இந்த ஆசை வருகிறது. பின்க் ஃப்ளாய்ட் குழுவின் சிட் பாரட் தன் ஃபெண்டர் எஸ்க்வயர் கிட்டாரில் வட்டக் கண்ணாடிகள் ஒட்டியிருந்தார், கிஸ் குழுவின் பால் ஸ்டான்லியின் ஐபனெஸ் ஐஸ்மேன் கிட்டாரின் முகம் முழுக்க உடைந்த கண்ணாடிச் சில்லுகள். இரண்டையும் கவனித்துப் பாருங்கள், கண்ணாடி இருப்பது உடம்பில். அங்கே இடது கை விரல் ஓடாது, ஃப்ரெட்டும் இல்லை.

அப்படியென்றால் எதை வைப்பது? முதல் தெரிவு அக்ரிலிக் மிரர், 1.5 அல்லது 2 மில்லிமீட்டர். இதிலும் ரசம் பின்னால்தான், மேலே இருப்பதோ தேய்க்கக்கூடிய பிளாஸ்டிக். கீறல் விழுந்தால் மறுபடி மெருகேற்றலாம், கண்ணாடியில் அது லேசில் நடக்காது. பதுளையிலோ கண்டியிலோ பெயர்ப்பலகை செய்யும் கடைகளில் லேசர் மெஷின் இருந்தால் அவர்களிடம் வெட்டு மிச்சம் கிடக்கும், பொட்டின் அளவைச் சொன்னால் வட்டமாகவே வெட்டித் தருவார்கள். உங்களுக்குத் தேவை எட்டோ ஒன்பதோ, பதினைந்து வெட்டி வாங்குங்கள், இரண்டு மூன்று எப்படியும் தரையில் விழுந்து தொலையும்.

இரண்டாவது தெரிவுக்குக் காசே வேண்டாம், படம் பார்த்து ஓய்ந்த டிவிடி. சிடி இல்லை, டிவிடி. சிடியில் ரசம் படம் அச்சடித்த பக்கத்தில், மெல்லிய ஒரு பூச்சுக்கு அடியில் இருக்கிறது, அந்தப் பக்கம் பசை போட்டால் நாளடைவில் பூச்சோடு உரிந்து வரும். டிவிடி என்பது 0.6 மில்லிமீட்டர் தகடுகள் இரண்டை ஒட்டியது, ரசம் நடுவில் பத்திரமாக இருக்கிறது, பசை அதைத் தொடுவதேயில்லை. வானவில் நிறமும் சேர்ந்து வரும், எனக்கு அது சாதாரணக் கண்ணாடியைவிடப் பிடிக்கும். வீட்டில் எழுதிய டிவிடி ஊதா கலந்து தெரியும், கடையில் வாங்கிய படம்தான் வெள்ளியாக இருக்கும். கத்தரியால் வெட்டினால் இரண்டு தகடும் பிரிந்துவிடும், மெல்லிய பல் உள்ள வாளால் அறுத்து அரத்தால் வட்டமாக்குங்கள். டிவிடியை லேசரில் கொடுக்காதீர்கள், அந்தப் பிளாஸ்டிக் வெட்டுப்படாமல் கருகும்.

வேலைக்கு வருவோம். புதிதாகத் துளை போட வேண்டாம், இருக்கிற வெள்ளைப் பொட்டைக் கழற்றி அதே குழியில் வைப்பதுதான் சுலபம். கம்பிகளைக் கழற்றிவிட்டு பொட்டின் நடுவில் 1.5 மில்லிமீட்டர் துளை போட்டு, சின்ன ஸ்க்ரூ ஒன்றை இரண்டு சுற்று முறுக்கி, அதன் தலையில் சோல்டரிங் அயனைச் சில விநாடி வையுங்கள். பசை இளகியதும் குறட்டால் நேராக மேலே இழுத்தால் வந்துவிடும். பக்கத்து ஃப்ரெட்டில் குறடு படாமல் தடித்த அட்டை வையுங்கள், ஜன்னலையும் திறந்து விடுங்கள், பிளாஸ்டிக் புகை நல்லதில்லை. பிறகு குழியின் விட்டத்தை வெர்னியரால் அளந்து, அதைவிட ஒரு மயிரிழை சின்னதாகப் பொட்டு வெட்டச் சொல்லுங்கள். அடியில் இருக்கும் பழைய பசையைச் சுரண்டி, பொட்டை உள்ளே போட்டுப் பார்த்து, மேல்மட்டம் போர்டோடு சமமாக வருகிறதா என்று பசை போடுவதற்கு முன்பே பார்த்துக்கொள்ளுங்கள்.

பசையில்தான் நிறையப் பேர் கெடுத்துக்கொள்கிறார்கள். சுப்பர் குளூ அக்ரிலிக்கின் மேல் வெள்ளைப் புகை மாதிரிப் படியும், சில சமயம் நுண்ணிய வெடிப்பும் விடும். வினாகிரி வாசம் வருகிற சிலிக்கோன் ரசத்தையே அரிக்கும். நெயில் பொலிஷை ஓரத்தில் பூசினால் ஈரம் போகாது என்று சிலர் சொல்வார்கள், அதில் இருக்கும் திரவம் அக்ரிலிக்கைக் கரைக்கும், வேண்டாம். இரண்டு டியூப் கலக்கிற எபொக்சி, அதிலும் மெதுவாக இறுகுகிற வகைதான் சரி. முதல் நாள் பொட்டின் பின்பக்கத்திலும் ஓரத்திலும் மெல்லியதாகப் பூசிக் காயவிடுங்கள், ரசத்துக்கு அதுதான் கவசம். மறுநாள் கொஞ்சம் கரித்தூள் கலந்த எபொக்சியைக் குழியில் வைத்துப் பொட்டை அழுத்துங்கள், கறுப்பு நிறம் சுற்று இடைவெளியை மறைத்துவிடும். செலோ டேப் சுற்றிய நேரான மரத்துண்டை நீளவாக்கில் மேலே வைத்து அழுத்திக் கட்டினால் மட்டம் தானாக வரும், டேப்பில் எபொக்சி ஒட்டாது.

நம் மலையில் ஒரு விஷயம் கூடுதலாகப் பார்க்க வேண்டும். குளிரில் எபொக்சி தேன் மாதிரித் தடித்து, கலக்கும்போது குமிழி பிடிக்கும், இறுகவும் நேரமெடுக்கும். கலக்கும் முன் டியூப்களைச் சுடுநீர்ப் பாத்திரத்தில் கொஞ்ச நேரம் வைத்து எடுங்கள், ஒட்டிய கிட்டாரை இரவில் வீட்டின் சூடான அறையில் வையுங்கள், அடுப்புக்குப் பக்கத்தில் மட்டும் வேண்டாம், கிட்டாரின் மற்ற ஒட்டுகள் விடும். மழைநாளில் ஒட்டினால் காய்ந்த பசை மேல் பிசுபிசுப்பாக ஒரு படலம் வரலாம், ஈரத்துணியால் துடைத்தால் போய்விடும். நீங்கள் ஊவாப் பக்கம் இருப்பதால் கச்சான் காற்று வீசும் மாதங்களில் மரம் நன்றாகக் காய்ந்து சுருங்கும், வடகிழக்கு மழையில் ஊதும், பிளாஸ்டிக் அந்தக் கணக்கில் அசையாது. பொட்டைச் சுற்றி மயிரிழை இடைவெளி விடச் சொன்னதும் அதனால்தான். மழையும் இல்லாத, கடும் வறட்சியும் இல்லாத ஒரு வாரமாகப் பார்த்து ஒட்டுங்கள்.

மட்டமாக உட்கார்ந்துவிட்டால் சாண்ட் பேப்பரைத் தொடவே வேண்டாம். துருத்தினால் மட்டும், சுற்றிலும் டேப் ஒட்டிக்கொண்டு 600, 1000, 2000 நம்பர் பேப்பர் என்று ஏறி, கடைசியில் வெள்ளைப் பற்பசையால் துணி கொண்டு தேயுங்கள், மங்கல் போய்ப் பளபளப்பு திரும்பும். டிவிடியில் மேலே 0.6 மில்லிமீட்டர்தான் இருக்கிறது, அளவோடு. விலை குறைந்த கிட்டார்களில் ஃப்ரெட் போர்ட் சாயம் ஏற்றிய மரம், தேய்த்த இடம் வெளுத்துவிடும், டேப் அதற்காகவும்தான்.

வாசிக்கும்போது என்ன தெரியும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கண்ணாடிக்குச் சொந்த நிறம் கிடையாது, எதிரில் இருப்பதைத்தான் காட்டும். இருட்டான இடத்தில் அது கறுப்பாகி போர்டோடு கலந்துவிடும், வெளிச்சத்தில் மேலே போகிற கம்பியின் பிம்பத்தையும் காட்டி ஒரு கம்பியை இரண்டாகக் காட்டும். பொட்டு 6 மில்லிமீட்டராக இருந்தால் மூன்றாம் கம்பிக்கும் நான்காம் கம்பிக்கும் நடுவில் அடங்கிவிடும், தொல்லை குறைவு. கழுத்தின் பக்கவாட்டில் இருக்கும் சின்னப் புள்ளிகளைத் தொடாதீர்கள், வாசிப்பவர் கண் பார்ப்பது அவற்றைத்தான்.

12ஆம் ஃப்ரெட்டில் விசேஷமாக ஏதாவது வேண்டும் என்றால் கட்டத்தை விட்டுவிட்டு இரண்டு இலையும் ஒரு மொட்டும் செய்து பாருங்கள். மூன்று தனித்தனித் துண்டு, ஒவ்வொன்றும் வயிற்றுப் பக்கம் 7 மில்லிமீட்டர் அகலம், நீளவாக்கில் 14. 11க்கும் 12க்கும் இடையில் ஏறக்குறைய 19 மில்லிமீட்டர் இருக்கிறது, தாராளமாக அடங்கும். அங்கே இருக்கும் இரண்டு பழைய குழிகளும் இலைகளுக்கு அடியில் மறைகிற மாதிரி வரைந்துகொள்ளுங்கள். இலை கம்பிக்கு நேர் கீழே வரும் என்பதால் மட்டத்தைவிட ஒரு காகிதத் தடிப்பு கீழே இருக்கட்டும். இது உளியில் தோண்ட வேண்டிய வேலை, அதனால் பொட்டுகள் எல்லாம் முடிந்த பிறகு, வேறொரு பலகையில் இரண்டு முறை தோண்டிப் பழகிவிட்டு கிட்டாருக்கு வாருங்கள். கழற்றிய வெள்ளைப் பொட்டுகளில் முழுசாக வந்தவற்றை ஒரு தீப்பெட்டியில் போட்டு வையுங்கள், எங்கேயாவது ஒரு கண்ணாடிப் பொட்டு கெட்டுப்போனால் புதிது வரும்வரை அந்தக் குழியில் வைக்கலாம்.