ஒரு சொல்லுக்குள் மூன்று செயல்கள்

கேள்வி: மனிதக் கடத்தல்காரர்களுடன் ஏறத்தாழ ஏழாண்டுகள் பழகி, அவர்களைப் பற்றி நூல் எழுதி, அதற்கு 2024-இல் அமெரிக்காவின் தேசிய நூல் விருதையும் பெற்றிருக்கிறார் மானிடவியலாளர் ஜேசன் டி லியோன். குற்றவாளிகளுக்கு வக்காலத்து வாங்குவதும் ஆய்வாகிவிட்டதா?
– வாசகர் ஒருவர், சேலம்

பதில்: வக்காலத்து இருக்கட்டும், முதலில் ‘கடத்தல்’ என்ற சொல்லைப் பார்ப்போம். பணக்கார வீட்டுப் பிள்ளையைத் தூக்கிச் சென்று பணம் கேட்பதும், ஏமாற்றி அழைத்துப்போய் ஒருவரைக் கொத்தடிமையாக்குவதும், தானே விரும்பிக் கூலி கொடுப்பவரை எல்லை தாண்டி அழைத்துச் செல்வதும் நம் நாளிதழ்களில் ஆள்கடத்தல்தான். (எங்கள் இதழும் இதில் உத்தமம் இல்லை.) பின்னிரண்டும் வேறு வேறு என்று ஐக்கிய நாடுகள் சபை 2000-ஆம் ஆண்டிலேயே தனித்தனி நெறிமுறைகள் வகுத்துவிட்டது.

டி லியோன் எழுதியது மூன்றாவது வகையினரைப் பற்றி. வறுமைக்கும் கும்பல்களின் வன்முறைக்கும் தப்பி ஹோண்டுராஸிலிருந்து வடக்கே புறப்பட்டு, மெக்சிகோவில் பாதி வழியில் தங்கிப்போன இளைஞர்கள் அவர்கள். ‘கீயா’, அதாவது வழிகாட்டி, என்றுதான் தங்களைச் சொல்லிக்கொள்கிறார்கள். சரக்கு ரயிலில் எங்கே தொற்றி ஏறுவது, வழியில் யாருக்கு எவ்வளவு அழுவது என்ற விவரமே அவர்களுடைய முதல். 2014-இல் மெக்சிகோ தன் தென் எல்லையில் கெடுபிடியைக் கூட்டியபோது, அதுவரை தனியாகப் போய்விடலாம் என்றிருந்தவர்களுக்கும் அவர்கள் தேவைப்பட்டார்கள். அவர்களை டி லியோன் புனிதர்களாக்கவில்லை. அவர்களுடைய வன்முறையையும் பொய்யையும் மறைக்காமல்தான் எழுதியிருக்கிறார்.

அவருடைய முந்தைய ஆய்வையும் நீங்கள் அறிந்திருந்தால் கேள்வி வேறாக இருந்திருக்கும். 1994-இல் அமெரிக்கா நகரங்களை ஒட்டிய எல்லைப் பகுதிகளில் காவலைக் குவித்தது. பாலைவனத்துக்குள் இறங்க எவரும் துணியமாட்டார்கள் என்பது கணக்கு. மக்கள் இறங்கினார்கள். அரிசோனாவின் சொனோரன் பாலைவனத்தில் அவர்கள் விட்டுச் சென்ற முதுகுப் பைகளையும் காலணிகளையும் 2009 முதல் தொல்லியலாளரைப் போலச் சேகரித்து ஆராய்ந்தவர் இவர். அவற்றுள் ஒன்று கறுப்பு நிறத் தண்ணீர் பாட்டில். வெள்ளை பாட்டில் வெயிலில் பளபளத்துக் காவலரின் கண்ணில் பட்டுவிடும் என்று முதலில் அதன்மேல் சாயம் பூசினார்கள், துணி சுற்றினார்கள். பிறகு கறுப்பு பாட்டில்களே மெக்சிகோவில் விற்பனைக்கு வந்துவிட்டன. கறுப்பு வெயிலை உறிஞ்சும். நாற்பது டிகிரிக்கு மேல் காயும் மணலில் அந்தத் தண்ணீர் வாயில் வைக்க முடியாதபடி சுடும். தெரிந்தும் அதைத்தான் சுமந்து நடந்தார்கள். 1990-களின் நடுப்பகுதியிலிருந்து 2019 வரை அந்தப் பாலைவனத்திலிருந்து மீட்கப்பட்ட உடல்கள் 3,200-க்கும் மேல்.

அந்த பாட்டிலை அவர்கள் கையில் கொடுத்தது கடத்தல்காரர் மட்டும்தானா என்று யோசித்துவிட்டு, விருப்பமிருந்தால் மீண்டும் எழுதுங்கள்.